கைப்பட எழுதினால்தான் செல்லும்

மேனேஜர் 'டி' எழுதினார், 'ஐ' எழுதினார், 'எஸ்' எழுதினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

அடுத்து வருவது 'எம்'மா, இன்னொரு 'எஸ்'ஸா? 'டிஸ்மிஸ்' என்று வாயால் சொல்லிப் பார்த்தார். வாய்க்கு ஒரு சிரமமும் இல்லை. நடுவில் ஒரு 'ஸ்' வந்தது, கடைசியில் ஒரு 'ஸ்' வந்தது. எந்த 'ஸ்'ஸுக்கு எத்தனை எழுத்து என்பதைத்தான் அந்தப் பாழாய்ப்போன வாய் சொல்ல மறுத்தது. நடுவில் இரட்டை போட்டுக் கடைசியில் ஒற்றை போடலாமா? எதற்கு வம்பு என்று இரண்டு இடத்திலும் இரட்டை போட்டுவிடலாமா? போட்டால் தாராள மனசு தெரியும், சரியாக இருக்குமா?

தாளைக் கசக்கிக் கூடையில் போட்டார். கூடையில் ஏற்கெனவே இதே கதியில் ஒரு குவியல் கிடந்தது.

தப்பாக இருந்தால் அடித்துத் திருத்துவதுதானே என்று கேட்பீர்கள். அதுதான் முடியாது. அந்த மெத்தைக் கம்பெனியை ஆரம்பித்த பெரிய முதலாளி ஒரு சட்டம் போட்டிருந்தார். வேலைக்குச் சேர்க்கிற கடிதத்தை எப்படி வேண்டுமானாலும் டைப் அடித்துக் கொடுக்கலாம். வேலையை விட்டு அனுப்புகிற கடிதத்தை மட்டும் மேனேஜர் தன் கைப்பட, இங்கிலீஷில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுத வேண்டும். சம்பந்தப்பட்டவர் எதிரில் நின்று படித்துக் காட்டிவிட்டுக் கையில் கொடுக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் கடிதம் செல்லாது. "ஒரு மனுஷனை வெளிய அனுப்பணும்னா இன்னொரு மனுஷனுக்குக் கையாவது வலிக்கணும்யா" என்பார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சட்டம் போகவில்லை. தொழிலாளர் சங்கம் அதை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

இப்போது வெளியே போக வேண்டியவன் கொட்டாவி. சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ பேர் இருந்தது, ஆனால் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். மெத்தைகளைச் சோதிப்பது அவன் வேலை. தைத்து முடித்த ஒவ்வொரு மெத்தையிலும் மல்லாந்து படுக்க வேண்டும், இடது பக்கம் புரள வேண்டும், வலது பக்கம் புரள வேண்டும், எழுந்து உட்கார்ந்து நாலு தரம் குதிக்க வேண்டும், பிறகு ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். கேட்க சுகமாக இருக்கும். ஆனால் சாப்பாட்டுக்கு அப்புறம் இந்த வேலையைப் பார்த்தவர்களுக்குத்தான் அதில் இருக்கிற ஆபத்து தெரியும்.

அன்று காலையில்தான் பெரிய பெரிய வியாபாரிகளைக் கூட்டிக்கொண்டு சின்ன முதலாளி சுற்றி வந்தார். பெரிய முதலாளியின் ஒரே மகன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். "இதுதான் எங்க புது மாடல். ஒரு தடவை படுத்தா எழுந்திருக்கவே மனசு வராது" என்று சொல்லிக்கொண்டே மெத்தையின் மேல் கிடந்த துணியை ஒரு இழு இழுத்தார். அடியில் கொட்டாவி, எழுந்திருக்க மனசு வராமல் கிடந்தான். குறட்டை வேறு. வியாபாரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சின்ன முதலாளி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இன்னைக்குச் சாயங்காலம் சைரன் ஊதறதுக்குள்ள அவனை டிஸ்மிஸ் பண்ற லெட்டர் அவன் கையில இருக்கணும்" என்றார் மேனேஜரிடம். "இல்லேன்னா ஒரு லெட்டர் எழுதத் தெரியாத மேனேஜர் எனக்கு எதுக்குன்னு நான் யோசிக்க வேண்டியிருக்கும், அங்கிள்."

சின்ன வயதில் இந்தப் பிள்ளையை முதுகில் உப்பு மூட்டை தூக்கிக்கொண்டு இதே மெத்தைகள் மேல் ஓடியவர் மேனேஜர். அந்த வாயிலிருந்து 'அங்கிள்' இப்படி வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

யாரிடமாவது கேட்டுவிட்டால் ஒரு நொடியில் தீர்ந்துபோகிற சங்கதி. ஆனால் கேட்பது எப்படி? அந்தக் கம்பெனியில் இங்கிலீஷ் புலி என்றால் அவர்தான். குமாஸ்தாக்கள் யார் கடிதம் எழுதிக்கொண்டு வந்தாலும் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு மேலிருந்து கீழே பார்ப்பார். கண்ணை மூடாத குறையாகப் பேனாவை எங்கேயாவது ஒரு வரியில் வைத்துத் தட்டுவார். "இந்த இடத்தை ஒரு தடவை நல்லாப் பாருப்பா" என்பார். அவ்வளவுதான். கொண்டுவந்தவன் வெலவெலத்துப்போய் ஓடுவான். கம்ப்யூட்டரில் தேடி எதையாவது ஒன்றைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டு வந்து, "எப்படி சார் பார்த்தவுடனே பிடிச்சீங்க?" என்று வாயைப் பிளப்பான். இவர் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போடுவார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து அவர் யாரையும் வேலையை விட்டு அனுப்பியதும் இல்லை. வேலை நேரத்தில் சினிமாவுக்குப் போன வாட்ச்மேன், மெத்தை உறையைத் தலைகீழாகத் தைத்த தையல்காரர், சரக்கு ஏற்றிய வண்டியைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிய டிரைவர் என்று எத்தனையோ பேர் மேஜைக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் பேனாவை எடுப்பார். மூன்றாவது எழுத்தில் நிற்பார். பெருமூச்சு விடுவார். "போ, இனிமே ஒழுங்கா இரு" என்று அனுப்பிவிடுவார். "தங்கமான மனுஷர்" என்று ஊரே சொல்லியது. அவரும் மறுக்கவில்லை.

இந்தத் தடவை பெருமூச்சு செல்லாது என்று தெரிந்துவிட்டது.

செல்போனில் தட்டிப் பார்க்கலாம் என்றால், எல்லாரும் போனைக் கேட் அறையில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது சின்ன முதலாளி கொண்டுவந்த புதுச் சட்டம். முதலாளியைத் தவிர எல்லாருக்கும் பொது. கம்ப்யூட்டர் இருந்ததோ குமாஸ்தாக்கள் மேஜையில், அவர்கள் கண் முன்னால் போய்த் தேட முடியுமா? ஆகவே மேஜை மேல் இருந்த போனை எடுத்தார். அதில் பேச வேண்டுமென்றால் முன்வாசலில் போர்டுக்கு முன் உட்கார்ந்திருக்கும் டெலிபோன் அக்கா இணைப்புக் கொடுக்க வேண்டும். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து அந்த நாற்காலியில் இருப்பவர்.

"என் பொண்ணு காலேஜுக்கு ஒரு லைன் குடும்மா. அவசரம்."

"வீட்டுல ஏதாவது சார்?"

"வீட்டுல ஒண்ணும் இல்ல. லைனைக் குடு."

மகள் கல்லூரியில் இங்கிலீஷ் படிக்கிறாள். கல்லூரி ஆபீஸ் அறைக்கு அவளை வரவழைத்துப் பேச வைப்பதற்குள் இவருக்குச் சட்டை நனைந்துவிட்டது.

"அப்பா! என்னப்பா, என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. இந்த டிஸ்மிஸ் இருக்கே..."

"ஐயோ, உங்களை டிஸ்மிஸ் பண்ணிட்டாங்களா?"

"ச்சீ, வாயைக் கழுவு! அதுக்கு எழுத்து என்னன்னு கேட்கறேன். இங்க ஒரு பையனுக்குச் சந்தேகம்."

"அவ்வளவுதானா? அது லத்தீன்பா."

"எது?"

"அந்த வினைச்சொல். டிஸ்னா தள்ளி. மிஸ்ங்கறது அனுப்பறது. தள்ளி அனுப்பறது. மிஷன், மிசைல் எல்லாம் அதே குடும்பம்தான்."

"குடும்ப விவரமெல்லாம் எதுக்குடி? எழுத்தைச் சொல்லு."

"வேர் தெரிஞ்சா எழுத்து தானா வந்துடும்பா. அது வேண்டாம்னா டெர்மினேட்னு போடச் சொல்லுங்க. டெர்மினஸ்னா எல்லை. இல்லேன்னா ரிலீவ்னு போடலாம், பாரத்தை இறக்கறதுன்னு அர்த்தம். சூப்பர்சீட் பக்கம் மட்டும் போக வேண்டாம். அதுல எல்லாரும் தப்புப் பண்ணுவாங்க. லத்தீன்ல மேல உட்கார்றதுன்னு..."

"அம்மா தாயே! மேல உட்காரட்டும், கீழ உட்காரட்டும், எனக்கு எழுத்து..."

"அப்பா, புரொபசர் முறைக்கிறாரு. சாயங்காலம் வீட்டுல சொல்றேன்."

வைத்துவிட்டாள். மேனேஜர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். போன் செய்வதற்கு முன்னால் அவருக்குச் சந்தேகமாக இருந்தது ஒரே ஒரு சொல். இப்போது நாலு. ரிலீவில் 'ஐ' முந்தியா 'இ' முந்தியா? டெர்மினேட்டில் நடுவில் நிற்பது 'ஐ'யா 'ஏ'யா? இந்த லத்தீன்காரர்கள் பேசிவிட்டுப் போனதோடு நிறுத்தியிருக்கலாம் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அலமாரி ஞாபகம் வந்தது. பெரிய முதலாளியின் அறையை மகன் அப்படியே வைத்திருந்தார். அங்கே கண்ணாடி அலமாரியில் செங்கல் கனத்துக்கு ஒரு டிக்‌ஷனரி இருக்கிறது. தோல் அட்டை, முதுகில் தங்க எழுத்து. சின்ன முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்து மேனேஜர் மெல்ல உள்ளே நுழைந்தார். கூட்டுகிற அம்மா ஒருத்தி மூலையில் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதுகைக் காட்டியபடி டிக்‌ஷனரியை எடுத்துத் திறந்தார்.

உள்ளே பக்கம் என்று ஒன்று இல்லை. அது புஸ்தகமே இல்லை, புஸ்தகம் மாதிரி செய்த தகர டப்பா. டாக்டர் இனிப்பைத் தொடக் கூடாது என்று சொன்ன பிறகு பெரிய முதலாளி பெப்பர்மிண்ட் ஒளித்து வைத்த இடம். நாலைந்து மிட்டாய் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தன.

மனுஷன் இடிந்துபோனார். அந்த நேரம் பார்த்து வராந்தாவில் பூட்ஸ் சத்தம். டப்பாவை மூடி அலமாரியில் திணித்துவிட்டார். ஆனால் ஒரு பெப்பர்மிண்ட் விரலிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. உதறினால் போகவில்லை. வேறு வழி தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டார். அது எந்தக் காலத்துச் சரக்கோ, மூக்கு வழியாக உச்சந்தலைக்கு ஏறியது. கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

சின்ன முதலாளி வாசலில் நின்றார்.

"அங்கிள்... அழறீங்களா?"

மேனேஜர் வாயைத் திறக்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டினார். இல்லை என்று ஆட்டினாரா, ஆமாம் என்று ஆட்டினாரா என்று அவருக்கே தெரியாது.

சின்ன முதலாளி சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். "உங்களுக்கு இளகின மனசு, எனக்குத் தெரியும். ஆனா கம்பெனியை மனசை வெச்சு நடத்த முடியாது. லெட்டர் வந்தாகணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் குரலும் கொஞ்சம் கரகரத்துத்தான் இருந்தது.

கூட்டுகிற அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். மேனேஜர் தன் அறைக்குத் திரும்புவதற்குள் செய்தி அவரை முந்திக்கொண்டு போய்விட்டது. கொட்டாவிக்காக மேனேஜர் பெரிய முதலாளி படத்துக்கு முன்னால் நின்று கண்ணீர் விட்டாராம். எழுத மனசு வராமல் தாள் தாளாகக் கசக்கிப் போடுகிறாராம், கூடையைப் பார்த்தால் தெரியுமாம். தையல் பகுதியில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

மேனேஜர் கொட்டாவியைக் கூப்பிட்டு அனுப்பினார். நாமாக எழுதினால்தானே தலைவலி, அவனே வேலையை விட்டால்?

"உட்காருப்பா. இத பாரு, டிஸ்மிஸ்னு வந்தா பேர் கெட்டுடும். வேற எங்கயும் வேலை கிடைக்காது. அதனால நீயே ராஜினாமா பண்ணிட்டேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டா கௌரவமா இருக்கும். என்ன சொல்ற?"

கொட்டாவி உட்கார்ந்தான். கண் இரண்டும் சிவந்து கிடந்தது. "நீங்க சொன்னா சரிதான் சார். வேணும்னு தூங்கல சார். வீட்டுல ரெட்டைப் பிள்ளை பொறந்திருக்கு. ஒண்ணு அழுது முடிச்சா இன்னொண்ணு ஆரம்பிக்குது. முறை வெச்சுக்கிட்டு அழுதுங்க சார். அவளும் தூங்கல, நானும் தூங்கல. இந்த வேலையும் போயிட்டா என்ன பண்ணுவேன்னு நினைச்சா..."

மேனேஜர் உண்மையாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தத் தடவை பெப்பர்மிண்ட் காரணமில்லை. என்ன செய்வது, தன் வேலையும் அல்லவா தொங்குகிறது?

"சரி, எழுதிக் குடுத்துடு."

"எனக்கு இங்கிலீஷ் எங்க சார் வரும்? நீங்களே எழுதிடுங்க. கையெழுத்து எங்க போடணும்னு காட்டினா போட்டுடறேன்."

மேனேஜர் பேனாவை எடுத்தார். 'ஆர்', 'இ', 'எஸ்', 'ஐ'. ரிசைன். இதற்குள் எங்கேயோ ஒரு 'ஜி' ஒளிந்துகொண்டிருக்கிறது, சத்தம் போடாத 'ஜி'. எங்கே ஒளிந்திருக்கிறது? இதுவும் லத்தீனாகத்தான் இருக்கும். பேனா மறுபடியும் நின்றது.

யோசித்துவிட்டு நிமிர்ந்தால், எதிர் நாற்காலியில் கொட்டாவி தலையைப் பின்னால் சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தான். மேனேஜர் எழுப்பப் போனவர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். பாவம், தூங்கட்டும், எழுத்து வந்த பிறகு எழுப்பிக்கொள்ளலாம்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது போதாதா? "தூங்கினான்னுதானே வேலையை விட்டுத் தூக்கறீங்க, இந்தா என் ரூம்லயே தூங்கட்டும்னு விட்டு வெச்சிருக்காரு பாரு! இதான்யா மனுஷன்!" என்று சங்கத் தலைவர் குரல் கேட்டது. சங்கத் தலைவர் ஸ்பிரிங் பகுதியில் மேஸ்திரி. எது பேசினாலும் மேடையில் பேசுகிற மாதிரியே பேசுவார். வெளியே மெஷின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.

மேனேஜர் கையைப் பிசைந்தார். சைரனுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். கடைசியாக ஒரு தாள் எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டு, தனக்குச் சந்தேகமே இல்லாமல் எழுத வருகிற வினைச்சொற்களை மனதுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். கோ. கம். சிட். ஈட். ப்ரமோட்.

ப்ரமோட்! எழுதிப் பார்த்தார். எந்த எழுத்தும் தகராறு செய்யவில்லை. இரட்டைக்கும் ஒற்றைக்கும் வேலையே இல்லை. லத்தீன்காரர்கள் ஒன்றையாவது ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அவர்களுடைய சொல்தானா என்பது வேறு விஷயம்.

அப்புறம் அவர் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. பயந்துபோன மூளை எப்படி வேலை செய்யுமோ அப்படி. சின்ன முதலாளிக்கு வேண்டியது என்ன? கொட்டாவி இந்த இடத்தில் இருக்கக் கூடாது. அவ்வளவுதானே? கடைத்தெருவில் கம்பெனிக்கு ஒரு ஷோரூம் இருக்கிறது. அங்கே மேற்பார்வை பார்க்க ஆள் இல்லை. வெளியே அனுப்புகிற சொல் ஒன்றும் வரவில்லை என்றால், மேலே அனுப்பிவிட்டால் என்ன? ஆள் இங்கிருந்து போனால் சரி.

மளமளவென்று எழுதினார். உனக்குப் பதவி உயர்வு. நாளை முதல் ஷோரூமுக்குப் போ. அங்கே நீதான் தலைவன். எல்லாம் குட்டிக் குட்டிச் சொற்கள். ஒரு அடித்தல் இல்லை. கொட்டாவியை எழுப்பி, எதிரில் நின்று படித்துக் காட்டி, தமிழிலும் சொல்லி, கையில் கொடுத்தார்.

கொட்டாவி தாளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், தடாலென்று காலில் விழுந்தான். "பிள்ளைங்க ராசி சார்!" என்று கதறினான். வெளியே கைதட்டல் கூரையைப் பிய்த்தது. "மேனேஜர் சார் வாழ்க!" என்று சங்கத் தலைவர் ஆரம்பிக்க, மொத்தக் கம்பெனியும் 'வாழ்க' போட்டது.

அந்த 'வாழ்க' சின்ன முதலாளி காதில் விழாமல் இருக்குமா? வந்தார். கடிதத்தை வாங்கிப் படித்தார். காது மடல் சிவந்தது.

"டிஸ்மிஸ் பண்ணுங்கன்னா ப்ரமோஷன் குடுத்திருக்கீங்களா?"

"தம்பி... இல்ல, சார்... இங்கிருந்து அனுப்பணும்னுதானே நீங்க..."

"என்னை வெச்சு வேடிக்கை காட்டறீங்களா? அழறது, தாளைக் கசக்கறது, ஆளுங்களைத் தூண்டி விடறது. இந்த லெட்டர் செல்லாது!"

சங்கத் தலைவர் முன்னால் வந்தார். "எப்படிங்க செல்லாது? கைப்பட எழுதியிருக்கு. அடித்தல் திருத்தல் இல்ல. எதிர்ல நின்னு படிச்சுக் காட்டியாச்சு. அனுப்பற லெட்டருக்கே இதான் சட்டம்னா ஏத்தற லெட்டருக்குச் செல்லாதா? தாராளமாச் செல்லும்."

"சட்டமா? சரி, சட்டப்படியே போவோம்" என்றார் சின்ன முதலாளி. "மேனேஜரை அனுப்பறதுன்னா முதலாளிதானே எழுதணும்? நானே எழுதறேன். இப்பவே."

சங்கத் தலைவர் விடவில்லை. "மேனேஜர் பதவின்னா சாட்சி முன்னாலதான் எழுதணும். அதுவும் சட்டத்துல இருக்கு. நான் கூட வரேன்" என்று சின்ன முதலாளிக்குப் பின்னாலேயே கண்ணாடி அறைக்குள் போய், மேஜைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மேனேஜர் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து தன்னுடையது எது, கம்பெனியுடையது எது என்று பிரிக்கப் பார்த்தார். எதுவும் புரியவில்லை. வீட்டில் என்ன சொல்வது? மகள் காலையில் கேட்ட கேள்வி இப்படிப் பலிக்க வேண்டுமா? இத்தனை காலம் புலி வேஷம் போட்டதற்கு நன்றாக வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டார். பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கமாக இருந்தது. ஆனாலும் தப்பு எங்கே நடந்தது என்று பார்க்கிற மாதிரி, கண் மட்டும் கண்ணாடி அறையையே பார்த்துக்கொண்டிருந்தது.

சின்ன முதலாளி வேகமாக எழுத ஆரம்பித்தார். திடீரென்று நின்றார். மோட்டுவளையைப் பார்த்தார். உதடு அசைந்தது. தாளைக் கசக்கிப் போட்டு இன்னொன்றை எடுத்தார். அதையும் கசக்கினார். பையிலிருந்து மெல்லச் செல்போனை எடுத்தார். சங்கத் தலைவர் குனிந்து ஏதோ கேட்டார். சின்ன முதலாளி போனை உள்ளே வைத்துவிட்டார். மணி பார்த்ததாகச் சொன்னார் என்று சங்கத் தலைவர் பிற்பாடு சொன்னார். எதிர்ச் சுவரில் மாட்டுவண்டிச் சக்கரம் அளவுக்குக் கடிகாரம் இருந்தது.

மேலும் சில தாள்கள் வீணான பிறகு சின்ன முதலாளி எழுந்து, "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். நேராக மேனேஜர் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"அங்கிள்" என்றார் மெதுவாக.

"சொல்லுங்க தம்பி." மேனேஜர் எழுந்து நின்றார்.

"இந்த டிஸ்மிஸ்க்கு... நடுவுல ரெண்டு எஸ்ஸா, கடைசியில ரெண்டு எஸ்ஸா?"

மேனேஜர் திருதிருவென்று முழித்தார். தன் கழுத்துக்குக் கயிற்றைத் தானே அளந்து கொடுக்கச் சொல்கிறான் இந்தப் பிள்ளை. அளந்து கொடுக்கலாம் என்றால் அளவும் தெரியவில்லை. வாயில் வந்தது பழக்கதோஷத்தில் வருகிற ஒரே வாக்கியம்.

"அந்த இடத்தை நீங்களே ஒரு தடவை நல்லாப் பாருங்க தம்பி."

சின்ன முதலாளி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகம் சுருங்கிப்போயிருந்தது.

"சரியான அடி அங்கிள். எனக்கு வேணும். உங்களைத் தூக்கற லெட்டருக்கு உங்ககிட்டயே வந்து ஸ்பெல்லிங் கேட்கறேன் பாருங்க. இதைவிடக் கேவலம் என்ன இருக்கு? நான் கம்ப்யூட்டர் இல்லாம ஒரு வரி எழுதினதில்ல அங்கிள். அதுவே சிவப்புக் கோடு போடும், நான் அமுக்குவேன், சரியாகிடும். வெளிநாட்டுப் படிப்பு, மண்ணாங்கட்டி. அந்த சங்கத் தலைவர் முன்னால அசிங்கப்பட்டா நாளைக்கு இந்தக் கம்பெனியில எவன் என்னை மதிப்பான்? நீங்க வெளிய சொல்ல மாட்டீங்கல்ல?"

"நான் எதுக்கு தம்பி சொல்றேன்" என்றார் மேனேஜர். வாழ்க்கையில் இவ்வளவு உண்மையாக அவர் எதையும் சொன்னதில்லை.

சின்ன முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் கேளுங்க. யோசிச்சுப் பார்த்தேன். மேனேஜர் இங்கயேதான் இருப்பார். கொட்டாவி ஷோரூமுக்குப் போகட்டும். அங்க நின்னுக்கிட்டே வேலை பார்க்கணும், படுக்கறது குதிக்கறது எல்லாம் கிடையாது" என்றார். சங்கத் தலைவர் உடனே, "சின்ன முதலாளி வாழ்க!" என்று மாற்றிப் போட்டார். அவருக்கு யாராவது வாழ்ந்தால் சரி. சைரன் ஊதியது.

எல்லாரும் போன பிறகு மேனேஜர் குடையை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார். டெலிபோன் அக்கா போர்டை மூடிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டிருந்தார். காலையில் மகளோடு பேசியதை எல்லாம் இந்த அம்மா கேட்டிருப்பாள் என்பது அப்போதுதான் மேனேஜருக்கு உறைத்தது. இனி மறைத்து என்ன ஆகப் போகிறது?

"உனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு இல்ல?" என்றார். "மனசு கேட்காம நான் எழுதாம இருக்கல. எழுத வராமத்தான் எழுதல. ஊரே தங்கம் தங்கம்ங்குது, எனக்கு உடம்பெல்லாம் கூசுது. பெரிய முதலாளி என்னை எவ்வளவு நம்பி அந்த நாற்காலியில உட்கார வெச்சாரு! அவருக்கு மட்டும் அன்னைக்கே இது தெரிஞ்சிருந்தா, வாசப்படி மிதிக்க விட்டிருப்பாரா?"

டெலிபோன் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியாமலா சார்? இன்டர்வியூவுல எல்லாருக்கும் டிக்டேஷன் வெச்சாரே, அந்தத் தாளை எல்லாம் வாங்கி அவர்கிட்ட குடுத்ததே நான்தான். சரியா எழுதினவங்களுக்கெல்லாம் டீ குடுத்து வீட்டுக்கு அனுப்பிடு, எல்லாத்தையும் தப்பா எழுதினவரை மட்டும் உள்ள வரச் சொல்லுன்னாரு."